சீட்டின்றிக் கிடைக்கும் மலமிளக்கி: கூட்டு ஆபத்துக்குப் பொறுப்பு யார்?

புது தில்லி: மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே உரிமம் பெற்ற சில்லறைக் கடைகளில் விற்கத்தக்கவை என 16 மருந்துகளின் பட்டியலை மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் வரைவு அறிவிக்கையாக வெளியிட்டது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால், மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து, தோல் களிம்பு ஆகியவற்றோடு இரண்டு மலமிளக்கிகளும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. ஒன்று லாக்டுலோஸ் கரைசல். மற்றொன்று 5 மில்லிகிராம் பிசகோடைல் மாத்திரை.

பாராசிட்டமாலைப் பற்றி ஓரளவு பேசப்பட்டது. மலமிளக்கிகளைப் பற்றிப் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை. அதில் வியப்பில்லை. மலச்சிக்கல் என்பது நாடாளுமன்றத்திலோ தொலைக்காட்சி விவாதத்திலோ எழுப்பப்படும் பொருள் அல்ல. வீட்டுக்குள்ளேயே பேசத் தயங்கும் தொல்லை அது. அந்தத் தயக்கமே அதற்கான மருந்தை மருத்துவரின் பார்வையிலிருந்தும் மறைத்து விடுகிறது. இதய நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் முதியவர் பட்டியலிட்டுச் சொல்வார். இரவில் எடுத்துக்கொள்ளும் பேதி மாத்திரையை அவர் மருந்தாகவே கருதுவதில்லை.

ஆபத்து தொடங்கும் இடம் அதுதான். குறுகிய காலத்துக்கு, தனியாக எடுத்துக்கொள்ளும்போது பெரும்பாலான மலமிளக்கிகள் பாதுகாப்பானவை. மற்ற மருந்துகளுடன் சேரும்போது, அதுவும் மாதக்கணக்கில் தொடரும்போது, நிலைமை மாறிவிடுகிறது. இந்தியாவின் மருந்துச் சட்டங்கள் மருந்துகளைத் தனித்தனியாக எடைபோடுகின்றன. நோயாளியின் உள்ளங்கையில் அவை ஒன்றுகூடும்போது நேர்வதைக் கணக்கிடும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு 2022-ஆம் ஆண்டு வரைவும் முழுமையான விடை தரவில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?: மலமிளக்கிகள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பிசகோடைல், நிலாவரை போன்றவை குடல் தசைகளைத் தூண்டி வேலை செய்பவை. இவற்றை நீண்ட நாள் அதிக அளவில் பயன்படுத்தினால் நீருடன் பொட்டாசியமும் உடலிலிருந்து வெளியேறும். உயர் ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளில் பலவும் அதே பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றுகின்றன. ஸ்டீராய்டு மாத்திரைகளின் விளைவும் அவ்வாறே. இவை ஒன்றுசேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் அபாயகரமான அளவுக்குக் குறையக்கூடும்.

அந்நிலையில் உள்ள நோயாளி டிகாக்சின் என்ற இதய மருந்தையும் உட்கொள்பவராக இருந்தால், வழக்கமான அளவே நஞ்சாக மாற வாய்ப்பு உண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கும் இயல்புடைய வேறு சில மருந்துகளுக்கும் இது பொருந்தும். தளர்ச்சி, தசைப் பிடிப்பு, படபடப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். வயதின் காரணம் என்று அவற்றைத் தள்ளிவிடுவது எளிது.

இரண்டாவது வகை மக்னீசியம் உப்புகளைக் கொண்டது. பால் போன்ற வெண்ணிறத்தில் விற்கப்படும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும், பேதி உப்பு எனப்படும் எப்சம் உப்பும் இதில் அடங்கும். சிறுநீரகம் நலிந்தவர்களின் உடலில் மக்னீசியம் தேங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு குறைந்து, மயக்கம் வரை கொண்டுபோகலாம். மேலும், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளோடு மக்னீசியம் பிணைந்து அவை ரத்தத்தில் சேர்வதைத் தடுக்கிறது. தைராய்டு மாத்திரைக்கும் இதே கதி நேரக்கூடும். நோயாளி மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறார்; நோய் மட்டும் குறைவதில்லை. மருத்துவர் அளவை உயர்த்துகிறார். காரணம் பக்கத்து அலமாரியில் இருக்கிறது.

தீங்கற்றது என எல்லோரும் நம்பும் இசப்கோல் உமிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீரை ஈர்த்து ஊதும் அந்த உமி, உடன் உட்கொள்ளும் வேறு மருந்துகள் குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தவோ குறைக்கவோ செய்யலாம். ஆகவே இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும் எனப் பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைப்பு ஏற்படவும் கூடும். குடல் அசைவை மந்தப்படுத்தும் வலி நிவாரணிகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

திரவ பாரஃபின் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டால் ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் உடலில் சேர்வது குறையும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்குக் கே வைட்டமினில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிய பொருள் உடையது. பிசகோடைல் மாத்திரையின் மேற்பூச்சு, இரைப்பையில் கரையாமல் குடலைச் சென்றடைவதற்காகவே இடப்படுகிறது. அதைப் பாலுடனோ அமில நீக்கிகளுடனோ எடுத்துக்கொண்டால் பூச்சு முன்னதாகவே கரைந்து வயிற்றில் கடும் வலியை உண்டாக்கலாம். இரவில் பாலோடு மாத்திரை சாப்பிடும் பழக்கம் எத்தனை வீடுகளில் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து விளைவிக்கும் நோய்: இதில் இன்னொரு சுழலும் உள்ளது. மலச்சிக்கலுக்கே பல சமயங்களில் மருந்துகள்தான் காரணம். இரும்புச் சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், சில மனச்சோர்வு மருந்துகள், கோடீன், மார்ஃபின் வகை வலி நிவாரணிகள் ஆகியவை மலச்சிக்கலை உண்டாக்குவது நன்கறியப்பட்டதே. மூல காரணமான மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழியிருந்தும், அது கவனிக்கப்படாமல் மலமிளக்கி சேர்க்கப்படுகிறது. மலமிளக்கியால் வரும் தளர்ச்சிக்கு மற்றொரு மருந்து சேர்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். இதய நோய்க்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர் என வெவ்வேறு மருத்துவர்களிடம் செல்லும் இவர்களது மருந்துகளை ஒருசேரப் பார்ப்பவர் பெரும்பாலும் எவரும் இல்லை.

சிசாப்ரைடு தந்த பாடம்: வயிற்று மருந்தும் வேறு மருந்தும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய சான்று சிசாப்ரைடு. அது மலமிளக்கி அன்று. உணவுப் பாதையின் அசைவைத் தூண்டும் மருந்து. எரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க் கொல்லிகளுடனும், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளுடனும் சேர்ந்தபோது உடலில் அதன் அளவு பெருகி, இதயத் துடிப்பு தாறுமாறானது. 1999-ஆம் ஆண்டு இறுதிக்குள் அமெரிக்க ஆணையத்துக்கு வந்த இதயத் துடிப்புக் கோளாறு பற்றிய அறிக்கைகள் 341. அவற்றில் 80 உயிரிழப்புகள். அவற்றில் பெரும்பாலானவை, ஆபத்தைக் கூட்டும் வேறு மருந்துகளையோ நோய்களையோ கொண்டிருந்தவர்களுக்கு நேர்ந்தவை. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் அந்நாட்டில் அதன் பொது விற்பனை நின்றது.

மத்திய அரசு சிசாப்ரைடுக்குத் தடை விதித்தது 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில். இடைப்பட்ட காலம் பத்தாண்டுகளுக்கும் மேல். மலச்சிக்கலோடு கூடிய குடல் கோளாறுக்குத் தரப்பட்ட டெகாசெரோட் என்ற மருந்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. இதய பாதிப்பு அச்சத்தால் 2007 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்ட அம்மருந்துக்கு இந்தியாவில் 2011 மார்ச்சில்தான் தடை வந்தது.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, 2012-ஆம் ஆண்டு மே மாதம் அளித்த 59-ஆவது அறிக்கையில் கடுமையான குறைகளைச் சுட்டிக்காட்டியது. மக்களின் நலனைவிடத் தொழில் துறையின் வசதிக்கே அமைப்பு முன்னுரிமை தந்து வந்திருக்கிறது என்பதே அந்த அறிக்கையின் சாரம். அதன் பிறகு சில சீர்திருத்தங்கள் நடந்துள்ளன. ஆனால், ஆபத்து தெரியவந்த பிறகும் நடவடிக்கை தாமதமாவது ஏன் என்ற கேள்வி அவ்வப்போது திரும்பி வருகிறது.

ஒரே மாத்திரையில் இருந்தால் தடை: மருந்துகளைத் தகுந்த காரணமின்றிக் கூட்டுவது தவறு என்பதை மத்திய அரசு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. 2016 மார்ச்சில் 344 நிலையளவுக் கூட்டு மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அத்தடையை நீக்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்று, மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156 கூட்டு மருந்துகள் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

ஆக, இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரைக்குள் அடைத்தால் அரசு கேள்வி கேட்கிறது. அதே இரண்டு மருந்துகளை இரண்டு அட்டைகளாக ஒரே கடையில், ஒரே கையில் கொடுத்தால் கேட்பார் இல்லை. இந்த முரண்பாட்டைத் தடை உத்தரவுகளால் தீர்க்க இயலாது. விற்கும் இடத்தில் ஒருவர் கேட்டுச் சொல்வதுதான் ஒரே வழி.

சட்டத்தின் நிலை: 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில், சீட்டின்றி விற்கத்தக்க மருந்து என்ற தனி வகை வரையறுக்கப்படவில்லை. சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டியவை ஹெச், ஹெச்1, எக்ஸ் ஆகிய அட்டவணைகளில் உள்ளன. அவற்றில் இல்லாதவை நடைமுறையில் தாராளமாக விற்கப்படுகின்றன. இதற்கும் அப்பால், 1945-ஆம் ஆண்டு விதிகளின் கே அட்டவணை, ஆயிரம் பேருக்கு மேற்படாத மக்கள் தொகை கொண்ட சிற்றூர்களில் சில வீட்டு மருந்துகளை உரிமம் இன்றியே விற்க விலக்கு அளித்துள்ளது. விளக்கெண்ணெய், திரவ பாரஃபின், எப்சம் உப்பு ஆகிய மூன்று மலமிளக்கிகளும் அப்பட்டியலில் உள்ளன. மருத்துவரை அணுக வழியில்லாத காலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சிற்றூர்களை எட்டாத காலமும் அதுவே. இன்று அவை எட்டிவிட்டன. விலக்கு அப்படியே தொடர்கிறது.

2022-ஆம் ஆண்டு வரைவு, இந்த நிலையில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முயன்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டின்றி வாங்குவோர் 5 நாள்களுக்கு மேல் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. குணமாகாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓர் அட்டையின் அளவும் 5 நாள்களுக்குரிய அளவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் 5 நாள் அட்டையை மாதம் ஆறு முறை வாங்குவதைத் தடுப்பது எப்படி என்பதற்கு அதில் வழி இல்லை. நோயாளிக்கு விளக்கத் துண்டுத்தாள் தரப்படும் எனில், அது எந்த மொழியில், எந்த எழுத்தளவில் இருக்கும் என்பதும் முக்கியம். டிகாக்சின் எடுத்துக்கொள்பவர் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சான எச்சரிக்கையைப் படிப்பார் என எதிர்பார்ப்பது நடைமுறை அறியாதவர் கணக்கு.

இயற்கை என்ற சொல்: மலமிளக்கிச் சந்தையின் பெரும் பகுதி அலோபதிக் கட்டுப்பாட்டுக்குள் வருவதே இல்லை. நிலாவரை இலை சேர்ந்த சூரணங்களும் மாத்திரைகளும் ஆயுர்வேத, சித்த மருந்துகளாக விற்கப்படுகின்றன. உலக வணிகத்தில் திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே அறியப்படும் இலை அது. மலமிளக்கி என்ற அளவில் நவீன மருத்துவமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. அதனாலேயே, நவீன மருந்துக்குரிய எச்சரிக்கை அதற்கும் உரியது. பொட்டாசியத்தை வெளியேற்றும்போது அந்த இலை, தான் மாத்திரையாக வந்ததா, சூரணமாக வந்ததா என்று பார்ப்பதில்லை.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளைத் தயாரிக்க உரிமம் வேண்டும், விற்க வேண்டியதில்லை. மளிகைக் கடையிலும் அவை கிடைக்கும். பக்கவிளைவு அற்றது என்ற விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 2018-ஆம் ஆண்டு இறுதியில் கொண்டுவரப்பட்ட 170-ஆவது விதி, விளம்பரங்களுக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2023 ஆகஸ்டில், அவ்விதியின் கீழ் நடவடிக்கை வேண்டாம் என ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியை நீக்கி அறிவிக்கை வெளியானது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது அந்த இடைக்காலத் தடையும் விலகியது. ஏழு ஆண்டுகளுக்குள் விதி வந்ததும் போனதும் நடந்து முடிந்துவிட்டன; விளம்பரங்கள் மட்டும் இடையறாது தொடர்ந்தன.

பிற நாடுகள் செய்தவை: அமெரிக்காவில் கற்றாழைப் பாலும் காஸ்காரா பட்டையும் சேர்ந்த மலமிளக்கிகளுக்கு, சீட்டின்றி விற்கும் மருந்துகள் என்ற தகுதி 2002-ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டது. சோடியம் பாஸ்பேட் மலமிளக்கியை 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு மேல் எடுக்கக் கூடாது என 2014 ஜனவரியில் எச்சரித்த அந்நாட்டு ஆணையம், 55 வயதைக் கடந்தோரையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மருந்துகள், வலி நிவாரணிகள் ஆகியவற்றை உடன் உட்கொள்வோரையும் தனியே குறிப்பிட்டது.

பிரிட்டன் 2020 ஆகஸ்டில் வேறு வழியைத் தேர்ந்தது. குடலைத் தூண்டும் மலமிளக்கிகளைப் பொதுக் கடைகளில் 18 வயதைக் கடந்தோருக்கு மட்டும், சிறிய அட்டைகளாக மட்டும் விற்கலாம் என்றது. அதைவிடப் பெரிய அட்டை வேண்டுமெனில் மருந்தாளுநரின் மேற்பார்வை உள்ள மருந்தகத்துக்குத்தான் செல்ல வேண்டும். தடை விதிக்காமல், வாங்குவோருக்கும் மருந்துக்கும் இடையே பயிற்சி பெற்ற ஒருவரை நிறுத்தும் வழி இது.

மருந்தாளுநர் எங்கே?: அந்த வழி இந்தியாவில் சட்டப்படி ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. சீட்டின் பேரில் மருந்து தருவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது பழைய விதி. 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி நெறிமுறைகள் ஒரு படி மேலே சென்று, நோயாளிக்கு ஆலோசனை கூறுவதையும் மருந்தாளுநரின் கடமையாக்கின. மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பை விளக்குவதும் அதில் அடங்கும். ஏட்டில் இருக்கும் இந்தக் கடமை கடையின் முகப்பில் எத்தனை இடங்களில் நிறைவேறுகிறது என்பது மருந்து வாங்கும் எவருக்கும் தெரியும். சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தை வேறொருவர் எடுத்துத் தருவது நாடெங்கும் கேட்கப்படும் குற்றச்சாட்டு.

கண்காணிப்பிலும் இதே நிலை. மருந்துகளின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டு, 2011 முதல் காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. பொதுமக்களும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் தரலாம். ஆயுஷ் மருந்துகளுக்குத் தனியே ஒரு கண்காணிப்புத் திட்டம் 2018 முதல் உள்ளது. ஒருவரே இரு முறை மருந்துகளையும் உட்கொண்டு பாதிக்கப்பட்டால், அவர் இரண்டு திட்டங்களுக்கும் நடுவே விழுந்துவிடும் அபாயம் உண்டு. மலமிளக்கியை மருந்தென்றே கருதாதவர் எந்த எண்ணை அழைப்பார் என்பது வேறு கேள்வி.

எதிர்வாதமும் விடையும்: எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஏழைகள்தான் பாதிக்கப்படுவர் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு நாள் கூலியை இழந்து, மருத்துவருக்குக் கட்டணம் கொடுத்து ஒரு பேதி மாத்திரைக்குச் சீட்டு வாங்கச் சொல்வது நியாயமாகாது. அத்தகைய கட்டாயம் ஏட்டளவில்தான் இருக்கும் என்பதற்கு, ஹெச் அட்டவணை மருந்துகளே சீட்டின்றி விற்கப்படும் இன்றைய நிலை சான்று. ஆகவே சீட்டின்றி விற்பதை எதிர்ப்பது விடையல்ல; எச்சரிக்கையின்றி விற்பதைத் தடுப்பதே விடை.

அதற்குப் புதிய அமைப்புகள் தேவையில்லை. இதய நோய், சிறுநீரக நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுத்துக்கொள்வோர் கேட்காமல் வாங்கக் கூடாது என்ற ஒரு வரியை, அந்தந்த மாநில மொழியில், அட்டையின் முகப்பிலேயே அச்சிடச் செய்யலாம். நிலாவரை சேர்ந்த ஆயுஷ் மருந்துகளுக்கும் அதே வரியைக் கட்டாயமாக்கலாம். கே அட்டவணையின் பழைய விலக்குகளை மறு ஆய்வு செய்யலாம். இரண்டு கண்காணிப்புத் திட்டங்களும் தகவல்களைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யலாம்.

மருந்துகள் என்ற பொருள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது. விதிகளை மத்திய அரசு வகுக்கிறது. கடைகளுக்கு உரிமம் தருவதும் சோதனையிடுவதும் மாநிலங்கள். ஒருவர் மீது ஒருவர் பொறுப்பைச் சுமத்த இந்த அமைப்பு வசதியாக இருந்து வந்துள்ளது. 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த மாநிலங்களவையில் 2013-இல் கொண்டுவரப்பட்ட மசோதாவைத் திரும்பப் பெற 2016-இல் முடிவெடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் மற்றொரு வரைவு மசோதா கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. புதிய சட்டம் எப்போது அவைக்கு வந்தாலும், சீட்டின்றி விற்கும் மருந்து எது, அதை விற்பவர் வாங்குபவரிடம் கேட்க வேண்டியது என்ன என்ற இரண்டுக்கும் அதில் தெளிவான விடை இருக்க வேண்டும். உறுப்பினர்கள் கூச்சம் பாராமல் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்களின் தொகுதிகளில் உள்ள முதியோர் பலர், அந்த விடை தெரியாமலேயே ஒவ்வோர் இரவும் ஒரு மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிக்கொண்டிருக்கின்றனர்.